முளைக்குச்சியும் பட்டமும்



இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் மரவாடி வைத்திருந்தவர். தேக்கு, வேங்கை, கருமருது என்று வந்து இறங்கும் தடிகளைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். ஆண்டுக்கு ஒருமுறை காட்டைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பதுதான் அவர் எழுதிவைத்த ஒரே நிபந்தனை. எனக்கு முன் இந்த மேடையில் யானை வழித்தடம், சோலைக்காடு, பறவைகள் என்று அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். நான் மரம் வெட்டுவதைப் பற்றி, அதிலும் அதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் செயலாளர் தொலைபேசியில் சற்று மௌனமாகிவிட்டார். "வளர்ப்பதைப் பற்றி வைத்துக்கொள்ளலாமே ஐயா" என்றார். மரவாடிக்காரர் பெயரில் நடக்கும் கூட்டத்தில் கோடரியைப் பற்றிப் பேசக் கூச்சப்படலாமா? நான் கைவைத்திருக்கும் இந்த மேசையும் யாரோ வெட்டிச் சாய்த்ததுதான். உங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

1970களின் கடைசியில் நான் வனப் பயிற்சி மாணவன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைத்திருந்த சில்வர் ஓக் மரங்களை வெட்டுகிறார்கள், போய் அளவெடுத்து வாருங்கள் என்று எங்களில் 6 பேரை அனுப்பினார்கள். நாங்கள் அளவுநாடா, உயரம் பார்க்கும் கருவி, நோட்டுப் புத்தகம் சகிதம் போய் இறங்கினோம். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அவரிடம் ஒரு கோடரி, இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பம், ஒரு துண்டு நூல். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, மரத்தை நாலு பக்கமும் சுற்றிவந்து சாய்வு பார்த்தார். பிறகு தேயிலை வரிசைகளுக்கு நடுவிலிருந்த ஒற்றையடிச் சந்தில் 40 அடி தள்ளி ஒரு முளைக்குச்சியை ஊன்றினார்.

"மரம் இது மேல விழும் தம்பி. அந்தாண்ட போய் நில்லுங்க."

நாங்கள் சிரித்தோம். அவர் முதலில் கோடரியால் மரத்துக்கு வாய் வைத்தார். அப்புறம் பின்பக்கமிருந்து இரண்டு பேர் ரம்பம் இழுத்தார்கள். பாதி அறுத்தபின் நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் பிடிப்பு விடணும்" என்று கூட்டாளியிடம் சொன்னார். இன்னும் நாலைந்து இழுப்பு. மரம் முனகிக்கொண்டு, அவசரப்படாமல் சாய்ந்து, அந்த முளைக்குச்சியை மண்ணுக்குள் இறக்கியது. ஒரு தேயிலைச் செடியும் ஒடியவில்லை. நாங்கள் எல்லோரும் முளையைப் பார்க்க ஓடினோம். பெரியவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அடிக்கட்டையிடம் குனிந்து, அதன் மேல் மூன்று விரல்களைக் குறுக்கே வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டார். நான் நோட்டில் "வளையத்தை எண்ணி வயது பார்க்கிறார்" என்று எழுதினேன். ஆசிரியர் அதற்கு டிக் போட்டார்.

அந்த ஆண்டு வனப்பயன்பாட்டுத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண். நின்ற மரத்தின் கன அளவைச் சொல்வேன், அது எத்தனை துண்டு ஆகும், என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போடுவேன். ஒரு மரத்தையாவது சாய்த்திருந்தேனா என்றால் இல்லை. பிறகு 30 ஆண்டுகள் அதே பாடத்தை நானே நடத்தினேன். என் மாணவர்களும் சாய்க்கவில்லை. இந்த விசித்திரம் எங்கிருந்து வந்தது என்று ஓய்வுபெற்ற பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

தேடினால் எல்லா வழியும் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரிடம் போய் நிற்கிறது. 1824இல் பான் நகரத்தில் பிறந்தவர், தாவரவியல் படித்தவர். 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே நிற்கும்போதே அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிட்டு, அப்புறம் சாய்த்து ஆற்றில் விடுவார்கள். எந்த மரத்துக்கு வளையம் போடலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற தீர்ப்பில்தான் காட்டின் எதிர்காலம் இருந்தது. பிராண்டிஸ் அதைக் கணக்காக மாற்றினார். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானார். 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கியது.

ஆனால் அவர் காலத்தில் தொடங்கி எழுந்த அமைப்பைக் கவனியுங்கள். மேலதிகாரிகள் பிரான்சின் நான்சியிலும் ஜெர்மனியிலும் படித்தார்கள், 1885 முதல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில், 1905 முதல் ஆக்ஸ்போர்டில். சரகர்களுக்கு டேராடூன். 1912இல் தென்னாட்டுக்கென்று கோயம்புத்தூரில் ஒரு வனக்கல்லூரி. அதற்கும் கீழே, கோடரியைப் பிடிக்கிறவனுக்கு ஒன்றுமில்லை. ஆனைமலையில் தடிகளை மேலிருந்து சரித்துவிட்ட இடத்துக்கு டாப் ஸ்லிப் என்று பெயரே வந்துவிட்டது. சரித்துவிட்டவர்கள் எங்கே கற்றார்கள் என்று எந்தப் பாடநூலும் கேட்கவில்லை. கோழிகமுத்தி முகாமில் யானையைப் பழக்கும் மலசர் சமூகத்தாரின் அறிவைக் குடும்பச் சொத்தாக விட்டுவிட்டார்கள், ஆக்ஸ்போர்டு படிப்பை அரசாங்கச் சொத்தாக வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் மட்டும் செய்த பாவம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கையால் செய்கிற வேலை பிறப்போடு வருவது, படிப்போடு வருவதல்ல என்று நம்பும் ஊருக்கு அந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்திப்போயிற்று.

இதே பிராண்டிஸ் ஓய்வுபெற்றுப் பானில் இருந்தபோது இரண்டு இளைஞர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அமெரிக்கரான கிஃபோர்ட் பின்ஷோ. இன்னொருவர் ஜெர்மானியரான கார்ல் ஷென்க். அமெரிக்க வனக்கல்வியின் கதை இந்த இரண்டு சீடர்களின் சண்டை என்றே சொல்லலாம்.

வட கரோலினாவில் ஆஷ்வில் நகரத்துக்கு அருகே ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் பில்ட்மோர் என்ற மாளிகையைக் கட்டி, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைக்காட்டை வாங்கியிருந்தார். 1892இல் பின்ஷோ அங்கே வனவியலாளராகச் சேர்ந்தார். பிராண்டிஸின் பரிந்துரையால் 1895இல் ஷென்க் வந்து சேர்ந்தார். மலை ஓடையில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, வெட்டிய துலிப் பாப்ளர் தடிகளை அடுக்கி, ஒரேயடியாக அணையைத் திறந்து வெள்ளத்தில் அனுப்புவது என்ற பின்ஷோவின் திட்டம் ஷென்கின் தலையில் விழுந்தது. புத்தகப்படி சரிதான். வெள்ளம் தடிகளோடு கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் வாரிக்கொண்டு போனது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். ஐரோப்பியப் பாடநூலில் அந்த விவசாயிகளுக்கு அத்தியாயம் இல்லை.

அடிபட்டவர் நல்ல ஆசிரியராவார் என்பதற்கு ஷென்க் ஓர் உதாரணம். 1898 செப்டம்பரில் பில்ட்மோர் வனப்பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் வனப்பள்ளி என்று அதைச் சொல்கிறார்கள். மலைவாசிகள் கோயிலாகவும் பள்ளியாகவும் வைத்திருந்த ஓர் ஒற்றை அறைக் கட்டடம்தான் வகுப்பறை. காலையில் பாடம். மதியத்துக்குமேல் குதிரையேறிக் காட்டுக்குள் போக வேண்டும். படிப்பு ஓராண்டு, விடுமுறை கிடையாது. பட்டம் வேண்டுமென்றால் அதன்பின் 6 மாதம் எங்காவது வேலை செய்துவிட்டு வர வேண்டும். மாணவர்கள் கைவிடப்பட்ட விவசாய வீடுகளில் தங்கினார்கள். அவற்றுக்கு 'நரகக் குழி' என்றும், சிறியதாக இருந்த இன்னொன்றுக்குச் 'சின்ன நரகக் குழி' என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். விடுதி உணவைப் பற்றிப் புகார் சொல்லும் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பள்ளி விட்டுச் சென்ற ஒரு பொருள் இன்றும் புழங்குகிறது. பில்ட்மோர் குச்சி என்பார்கள். கண்ணிலிருந்து 25 அங்குலத் தூரத்தில் மரத்தின்மேல் கிடையாகப் பிடித்து, இடது முனையை மரத்தின் இடது ஓரத்தோடு ஒட்டிவைத்து, வலது ஓரம் எங்கே விழுகிறதோ அந்த எண்ணைப் படித்தால் விட்டம் தெரிந்துவிடும். வடிவொத்த முக்கோணக் கணக்கை ஒரு மரச்சட்டத்தில் செதுக்கிவைத்த வித்தை. தலைகுனிந்து நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தவனை நிமிர்ந்து நிற்கவைத்தது என்பதாலேயே எனக்கு அது பிடிக்கும்.

ஷென்கின் கொள்கை எளிது, அன்றைய பிரமுகர்களுக்குக் கசப்பு. காடு தன் செலவைத் தானே ஈட்டாவிட்டால் யாரும் காடு வளர்க்க மாட்டார்கள். ஆகவே வனவியலாளன் வெட்டவும் இழுக்கவும் அறுக்கவும் விற்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும். மரவெட்டையும் மரத்தொழிலையும் பற்றி அவர் தனியாக ஒரு பாடநூலே எழுதினார். பின்ஷோவுக்கு அது அரசாங்கத்தின் வேலை, பொதுநலத்தின் வேலை. அவருடைய குடும்பம் 1900இல் யேல் பல்கலைக்கழகத்தில் 1,50,000 டாலர் அறக்கட்டளை வைத்து வனப்பள்ளி தொடங்கியது. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான இரண்டாண்டுப் படிப்பு. அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு அறக்கட்டளையைக் குறைசொல்லக் கூடாதுதான். ஆனாலும் யேல் வென்றது, பில்ட்மோர் தோற்றது. பின்ஷோ 1905இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரானார். ஷென்க் 1909இல் வாண்டர்பில்டோடு மனத்தாங்கலாகி வேலை இழந்து, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஓரிகன் மரவெட்டு முகாம்கள் வரைக்கும் நாடோடிப் பள்ளி நடத்தினார். 1913இல் அதுவும் மூடப்பட்டது.

மூன்றாவது முயற்சி ஒன்றும் உண்டு. 1898இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் ஃபெர்னோ நான்காண்டு வனக்கல்லூரி தொடங்கினார். அடிரான்டாக் மலையில் 30,000 ஏக்கர் கொடுத்தார்கள். வயதான கலப்புக்காட்டை வெட்டிவிட்டு ஊசியிலை மரம் நடலாம் என்று அவர் முடிவெடுத்து, பீப்பாய்ப் பலகைக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார். பக்கத்தில் கோடைமாளிகை வைத்திருந்த பணக்காரர்கள் வெட்டவெளியையும் புகையையும் பார்த்துக் கொதித்தார்கள். 1903இல் ஆளுநர் நிதியை நிறுத்தினார், கல்லூரி மூடியது. மரம் வெட்டக் கற்றுக்கொடுக்கிற எவரும் ஜன்னலுக்கு வெளியே யார் குடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். அவர்கள் அதைத் தேர்வில் எழுதியதில்லை.

அந்த மலையிலேயே 1912இல், கோயம்புத்தூர்க் கல்லூரி பிறந்த அதே ஆண்டில், வானகீனா என்ற ஊரில் ஒரு சரகர் பள்ளி தொடங்கியது. ஒரு மரக்கம்பெனி கொடுத்த நிலம். மாணவர்களே கட்டடம் எழுப்பினார்கள். அது இன்றும் நடக்கிறது, இரண்டாண்டுத் தொழில்நுட்பப் பட்டம் தருகிறது. யேலுக்கும் கோடரிக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை இத்தகைய சிறு பள்ளிகள்தான் மெதுவாக மூடின.

இப்போது கோத்தகிரிப் பெரியவர் சொன்ன 'பிடிப்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். மரத்தைச் சாய்ப்பதற்கு மூன்று காரியம். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய். எதிர்ப்பக்கமிருந்து ஒரு பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் அறுபடாமல் விடும் ஒரு பட்டை மரம். அதுதான் பிடிப்பு. கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைத் திசைமாறாமல் இறக்குகிறது. முழுக்க அறுத்துவிட்டால் மரம் அடிக்கட்டையிலிருந்து நழுவி, தான் நினைத்த பக்கம் போகும். அதிகமாக விட்டுவிட்டால் வேறு ஆபத்து. முன்பக்கம் பலமாகச் சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து மெதுவாக அறுத்தால், அறுத்து முடிப்பதற்குள் தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பாதி வெட்டுகிறவர் முகத்துக்கு நேரே எகிறும். அமெரிக்க மரவெட்டிகள் இதை 'பார்பர் சேர்' என்பார்கள், நாவிதர் நாற்காலி. மேலே கிளையில் மாட்டிக்கொண்டு தொங்கும் முறிந்த கொம்புக்கு 'விடோ மேக்கர்' என்று பெயர், மனைவியை விதவையாக்குவது. ஒரு தொழிலின் அகராதியைப் பார்த்தாலே அந்தத் தொழிலில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட 2023ஆம் ஆண்டுக் கணக்கில், மரவெட்டுத் தொழிலில் 1,00,000 முழுநேரத் தொழிலாளருக்கு ஏறத்தாழ 99 பேர் வேலையில் இறந்தார்கள். எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்த சராசரி 3.5. இத்தனைக்கும் 1995 முதல் அங்கே மரவெட்டுக்கென்று தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. வெட்டும் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் குறைந்தது இரண்டு மர உயரம் இடைவெளி. காலுக்கு ரம்பச் சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் இழைத்துணி. முகாமில் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி, ஏனென்றால் ஆம்புலன்ஸ் மலையேறி வருவதற்குள் ரத்தம் போய்விடும்.

விதி எழுதினால் மட்டும் கை பழகாது. கை பழக வைத்ததில் சோரன் எரிக்சன் என்ற சுவீடன்காரருக்குப் பெரும்பங்கு. மரம் சாய்ப்பதை அவர் அளந்து சொல்லக்கூடிய பாடமாக்கினார். வாயை 70 பாகைக்குக் குறையாமல் அகலத் திற. பிடிப்பின் நீளம் மரத்தின் விட்டத்தில் 80 விழுக்காடு, தடிமன் 10 விழுக்காடு. முன்பக்கம் சாய்ந்த மரமானால் ரம்பத்தின் முனையை நடுவில் நுழைத்து முதலில் பிடிப்பைச் செதுக்கிவிடு, பின்னால் ஒரு சிறு பட்டை மட்டும் மரத்தைத் தாங்கி நிற்கட்டும், தப்பிக்கும் வழியைப் பார்த்துக்கொண்டு கடைசியில் அதை அறு. அப்போது பிளக்க நேரமே இருக்காது. இதை மதிப்பெண் போடும் ஒரு விளையாட்டாகவே அமெரிக்காவில் கற்பிக்கிறார்கள். மாணவர் ஒரு முளையை ஊன்றி, மரத்தை அதன்மேல் விழவைக்க வேண்டும். ஆமாம், முளையேதான். விழுந்தபின் நடுவர் வந்து அடிக்கட்டையில் அளவுகோலை வைக்கிறார். முளையில் பட்டால் மட்டும் மதிப்பெண்ணுக்குப் போதாது.

வட ஐரோப்பாவில் இந்தப் படிப்பு இன்னொரு படி போயிருக்கிறது. பின்லாந்தின் தொழிற்பள்ளிகளில் மாணவர்கள் முதலில் உட்காருவது திரையின் முன்னால். அறுவடை இயந்திரத்தின் கைப்பிடிகள் இரண்டும் அப்படியே இருக்கும், காடு மட்டும் படம். அந்த இயந்திரத்தின் தலை மரத்தைப் பிடித்து, அடியில் அறுத்து, கிளை கழித்து, எந்த நீளத்துக்குத் துண்டுபோட்டால் அன்றைய விலைக்கு அதிகம் கிடைக்கும் என்று கணினியிடம் கேட்டு, சில விநாடிகளில் துண்டும் போட்டுவிடுகிறது. இயந்திரத்தின் விலை கோடிக்கணக்கில். பழகாத கையில் கொடுத்தால் மிச்சம் விட வேண்டிய இளமரங்களின் பட்டையை உரித்துவிட்டுப் போய்விடும். ஆகவே ஹைட்ராலிக் குழாய் மாற்றுவது, ஈரமண்ணில் வண்டித்தடம் பதியாமல் வெட்டிய கிளைகளைப் பாதையில் பரப்பி ஓட்டுவது, ஒப்பந்தக் கணக்கு எழுதுவது எல்லாம் பாடத்தில் உண்டு. ஷென்க் இருந்திருந்தால் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறவன்மேல் கொம்பு விழுந்தால் சத்தம்தான் கேட்கும். செங்குத்துச் சரிவில் மட்டும் இன்னும் பல இடங்களில் மனிதன்தான் ரம்பத்தோடு இறங்குகிறான்.

நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு, இங்கேதான் காட்டில் வெட்டத் தடையாயிற்றே என்று கேட்பீர்கள். நியாயம். நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்ப் பக்கத்து மரவெட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று தந்த ஆணை நாடு முழுவதும் காட்டுவெட்டைக் கட்டிப்போட்டது. அது வந்திராவிட்டால் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்ப்பதற்கு இவ்வளவு இருந்திருக்காது என்பதே என் எண்ணம். ஆனால் நாம் மரத்தைப் பயன்படுத்துவது நின்றுவிட்டதா? வெட்டு காட்டிலிருந்து வயலுக்கு மாறியது. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு. வேறு இடங்களில் தைலமரம், மலைவேம்பு. புகளூருக்கும் பள்ளிபாளையத்துக்கும் காகித ஆலைக்குப் போகும் லாரிகளை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். அதை வெட்டுகிறவர்கள் டன் கணக்கில் கூலி பேசி வரும் கூட்டத்தார். கையில் சங்கிலி ரம்பம், காலில் ரப்பர் செருப்பு. அவர்கள் வனத்துறையின் ஆட்களும் இல்லை, வேளாண் துறையின் ஆட்களும் இல்லை. தோட்டம் உழவருடையது, மரம் ஆலையுடையது, விரல் மட்டும் அவர்களுடையது.

மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது, அங்கிருந்து வரும் பட்டதாரிகள் எந்த வகைச் சவுக்கு எத்தனை ஆண்டில் எத்தனை டன் தரும் என்று அழகாகச் சொல்கிறார்கள். அந்தச் சவுக்கை வெட்டுகிறவருக்கு 10 நாள் பாடம் எடுக்க ஒரு வகுப்பு வேண்டும் என்பதுதான் இன்று நான் கேட்க வந்தது. முடியாத காரியம் இல்லை. தென்னை ஏற ஆளில்லை என்றபோது தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைக் கேரளத்தில் தொடங்கி, ஏறும் கருவியும் காப்பீடும் கொடுத்தது. தேங்காய்க்குச் செய்ததைச் சவுக்குக்குச் செய்யலாம். வகுப்பெடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், பட்டம் உள்ள என்னைப் போன்றவர்களைக் கூப்பிடாதீர்கள். 40 ஆண்டு வெட்டியும் பத்து விரலும் பத்திரமாக உள்ள ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை அளவோடு எழுதிக்கொள்ள ஒரு பட்டதாரி இருந்தால் போதும்.

எழுதிக்கொள்வதிலும் கவனம் வேண்டும். சில மாதங்களுக்கு முன் பழைய பெட்டியில் என் மாணவக்கால நோட்டு கிடைத்தது. அந்தச் சில்வர் ஓக்கின் விட்டம் 20 அங்குலம் என்று குறித்திருக்கிறேன். 20இல் பத்தில் ஒரு பங்கு 2 அங்குலம். என் மூன்று விரலைச் சேர்த்து அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். 2 அங்குலத்துக்குச் சற்றுக் கூட இருந்தது. பெரியவர் விரல் என்னுடையதைவிடத் தடிமன். பக்கத்தில் "வயது பார்க்கிறார்" என்ற என் வரியும், அதன்மேல் சிவப்பு மையில் போட்ட டிக்கும் இன்னும் மங்கவில்லை.